கடல் புகுந்த காரும் தனபால் கொடுத்த வாக்கும்

தனபாலின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் பாலிடெக்னிக் பட்டறையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு முழுதாகப் போன் செய்ததே கிடையாது. ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவார், நான்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். அன்று மணி விடாமல் அடித்தது. எடுத்ததுமே, "என்னய்யா, இன்னைக்கு மழை கொட்டப் போவுதா? ஒங் காசுல பேசுறியே!" என்றேன். மறுமுனையில் அவர் மனைவி கஸ்தூரி இருந்தார். "சார், அவங்க போயிட்டாங்க சார்" என்றார். நான் "எங்க?" என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை அந்த அம்மாளிடம் கேட்ட வாய் இது. விடிகாலை கடலுக்குப் போய்த் திரும்பி, கரையில் மீனை ஏலத்துக்குப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழவில்லை.

பதினாறாம் நாள் படத்திறப்பில் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர் ஊரான மண்டபத்தூர்க்காரர்கள் கேட்டார்கள். நான் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவது நம் வழக்கம். தனபாலைப் பற்றி நான் பேசும் நாலு வார்த்தையில் ரெண்டு வார்த்தை திட்டாகத்தான் இருக்கும். அவர் இருந்தபோதும் எங்களுக்குள் அதுதான் விகிதம், இப்போது மாற்றினால் அவரே நம்ப மாட்டார்.

உங்களில் பலருக்கு அவரைப் படகுக்காரராகத் தெரியும். கிசுகிசுக்கத் தெரியாத குரல், யார் வீட்டு வாசலில் நின்றாலும் தெருமுனைக்குக் கேட்கும். எனக்கு அவர் ஒரு காரோடு வந்து சேர்ந்தவர். அந்தக் காரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் தனபால் யார் என்பது எனக்குத் தெரிந்தது அதில்தான்.

காரைக்காலில் ஆறுமுகம் என்று ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், காரைக்கால் பேச்சில் சொல்தா. எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் மிசியே என்பார்கள். பிரான்சிலிருந்து திரும்பியபோது கப்பலில் ஒரு காரைக் கொண்டுவந்திருந்தார். இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் போகும், மேலே துணிக் கூரை. மாலையில் அதை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். அவர் வீட்டுக்கு இருபது வருஷமாக மீன் கொண்டுபோய்க் கொடுத்தவர் தனபால். சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்பு, மிசியேயின் மனைவிக்கு உடம்பு முடியாமல் போய், பிரான்சில் இருந்த மகன் இருவரையும் கூட்டிப்போக வந்தான். போகும்போது மிசியே காரைத் தனபாலிடம் விட்டார். "கூடப்பொறந்தவங்கிட்ட விட்டா நான் ஏரோப்ளேன் ஏறுறதுக்குள்ள வித்துடுவான். நீ விக்க மாட்டே" என்றாராம். அதற்குத் தனபால் சொன்னதை அவர் வாயாலேயே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நீங்க எப்ப வந்தாலும் சரி மிசியே, விட்டுட்டுப் போனப்ப எப்புடி ஓடுச்சோ அப்புடியே ஓட்டிக்கிட்டு வந்து ஒங்க கையில குடுப்பேன்." யாரும் இவரிடம் இவ்வளவு பெரிய வாக்கைக் கேட்கவில்லை. மூடி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாலே போதும். அவராகக் கொடுத்தார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தனபால் காலையிலேயே காரைக்காலுக்குக் கறி வாங்கப் போயிருந்தார். கஸ்தூரி பிள்ளைகளோடு மாடி வீடு ஒன்றில் ஏறித் தப்பினார். தனபாலின் தம்பி சேகர் கரையில் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். படகும் போனது, சேகரும் போனார். சேகரை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அண்ணன்காரன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊர் பேசியது. கல்லு மாதிரி நின்றார் என்றார்கள். இதை உங்கள் முன்னால் சொல்லக் கூசுகிறது, ஆனால் பேசியவர்களில் சிலர் இங்கேயும் இருக்கிறீர்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றார். அதற்குமுன் எனக்கு அவரைத் தெரியாது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே, "சார், ஒரு வண்டிக்குள்ள கடல் புகுந்துட்டு. எடுக்கணும்" என்றார். பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அப்போது எந்தப் பேச்சும் சிரிப்பில் முடிகிற காலமாக இல்லை. என்ன வண்டி என்று கேட்டேன். படகு போனதையும் சேர்த்துச் சொன்னார். ஊரில் பாதிப் பேருக்குக் கூரை இல்லாதபோது ஒரு ஸ்போர்ட்ஸ் காரா என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. "படகே போயிட்டுங்குறீங்க. இப்ப இது ரொம்ப அவசியமாய்யா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "படகு என்னுது சார். போனா போச்சுன்னு சொல்லிக்கலாம். காரு என்னுது இல்லீங்களே, அதை அப்புடிச் சொல்ல முடியுமா?" என்றார்.

வரிச்சிக்குடியில் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்து, ஆட்டோமொபைல் படித்து, அதையே கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். வண்டியைப் பற்றி எது கேட்டாலும் நாக்கு நுனியில் பதில் வைத்திருப்பேன். அன்று வாதாடாமல், மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

காரை நிறுத்திவைத்திருந்த வலைக்கொட்டகை இருந்த இடத்தில் நாலு முளைக்குச்சிதான் நின்றது. கார் அங்கிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி, ஒரு தென்னைக்கும் இடிந்த மதிலுக்கும் நடுவில் சொருகிக்கிடந்தது. இருக்கை மட்டத்துக்கு மணல். தொட்ட இடமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நான் என் தொழில் அறிவு முழுவதையும் திரட்டி, "இது எடைக்குப் போடத்தான் லாயக்கு" என்று தீர்ப்புச் சொன்னேன். "பாத்தாச்சுல்ல வாத்தியாரே, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார் அவர். அன்றிலிருந்து நான் அவருக்கு வாத்தியார். ஒரு நாளும் நான் சொன்னதை உடனே கேட்டதில்லை, பட்டம் மட்டும் கொடுத்துவிட்டார்.

மிசியேயிடமிருந்து அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது. ஊர்ச் செய்தி கேட்டுப் பதறிப்போயிருந்தார். தனபால், தம்பி போனதைச் சொன்னார். வண்டியைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. இவராகவே, "வண்டி இருக்குங்க மிசியே" என்றார். கடலுக்குள் போய் வந்த கதையையும் மறைக்கவில்லை. மிசியே, "அது கெடக்கட்டும்டா, நீ மொதல்ல ஒன்னப் பாரு. அடுத்த வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு நான் வருவேன், நேர்ல பேசிக்குவோம்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷன், வாக்கிலிருந்து விடுவித்துவிட்டார். எவனாயிருந்தாலும் அத்தோடு விட்டிருப்பான். தனபால் அந்தப் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த வருஷம் ஆனி மாதத்துக்குள் கார் ஓடவேண்டும்.

பாதி நாள் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார், மீதி நாள் காரோடு கிடந்தார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. "தம்பி செத்துத் துக்கம் ஆறல, இவனுக்குக் கேளிக்கை பாரு" என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொன்னார்கள். நான் எழுந்து சண்டைக்குப் போனேன். எனக்கு அதுதான் வரும். தனபால் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, "நீங்க டீயக் குடிங்க வாத்தியாரே. அவன் சொல்றதும் சரிதான், பாக்குறவங்களுக்கு அப்புடித்தான் தெரியும்" என்றார்.

இன்ஜினைப் பிரித்ததும், கழுவியதும், சேர்த்ததும் பெரிய கதை. அதை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அதில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. டீசல் படகு ஓட்டிப் பழகிய கை, இரும்போடு பேசத் தெரிந்த கை. ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல மேலே தொங்கவிட்டு, நேரே கார்புரேட்டருக்குக் கொடுத்தோம். இன்ஜின் எடுத்துக்கொண்டது. சத்தம் கேட்டுக் கஸ்தூரி கையில் அகப்பையோடு ஓடிவந்தார். ஆனால் காரின் சொந்த டேங்கிலிருந்து பெட்ரோல் கொடுத்ததும் நாலு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே செம்மண் சேறு மாதிரித் துரு. டேங்க் பின்னால், இன்ஜின் முன்னால். இரண்டுக்கும் நடுவில் வண்டியின் வயிற்றோடு ஒட்டிப் போகிற இரும்புப் பைப்புக்குள் கடல் இன்னும் குடியிருந்தது.

சண்டை அந்தப் பைப்பில்தான் ஆரம்பித்தது.

டேங்கை மட்டும் ஒற்றுமையாகக் கழுவினோம். யோசனை அவருடையது. டேங்குக்குள் பொடி ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு அடைத்து, பழைய வலையில் கட்டி, இரண்டு தென்னைக்கு நடுவில் தூளி மாதிரித் தொங்கவிட்டார். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று ஆட்டினோம். போகிறவர் வருகிறவரெல்லாம் ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்று கேட்டார்கள். "பொறக்கட்டும், சொல்றேன்" என்றார் தனபால். சாயங்காலம் ஜல்லியைக் கொட்டியபோது துரு எல்லாம் கூடவே வந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், தகரம் பளபளத்தது.

பைப் அப்படியில்லை. வெளியே பார்த்தால் நன்றாக இருந்தது. அதனால் உள்ளே கம்பி விட்டுக் குடைந்து, காற்றடித்து, அதையே போடலாம் என்றார் தனபால். ஊதிப் பார்த்தால் காற்று மறுபுறம் வருகிறது, ஓட்டை இல்லை, வேறென்ன வேண்டும் என்பது அவர் வாதம். பிடித்த முயலுக்கு மூணே கால். நான் வளைவு இருந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி உள்ளே போனது. உப்பு உள்ளேயிருந்து தின்றிருந்தது. அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "வெளிய நல்லாத்தானே இருந்துச்சு" என்றார், யாரையோ விசாரிக்கிற குரலில்.

பழைய பைப்பைக் கழற்றுமுன் அது போகிற வழியெல்லாம் தடித்த கம்பியை வைத்து வளைத்து அச்செடுத்தோம். லாரிகளுக்குப் பிரேக் லைன் போடுகிற இரும்புப் பைப்பைத் திருச்சியிலிருந்து சுருளாக வாங்கிவந்தேன். அச்சைப் பார்த்துப் பார்த்து வளைக்க வேண்டும். ஒரு இடத்தில் அவசரப்பட்டு மடங்கிவிட்டால் அந்தத் துண்டே வீண். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகக்கூடாது, தரையில் இடிபடக்கூடாது, சாண் சாணாகக் கிளிப் போட்டு ஆடாமல் பிடிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்வார் தனபால், மணல் கண்ணில் விழும். "கடல்ல போயி மீன் புடிச்சவன இப்புடி மல்லாக்கப் போட்டுட்டீங்களே வாத்தியாரே" என்பார். ஆனால் ஒரு வளைவைக்கூட அரைகுறையாக விட்டதில்லை. நான் போதும் என்று சொன்னதை இரண்டு தடவை கழற்றி மறுபடியும் போட்டார்.

இரும்புப் பைப் முடிந்து, பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ஒரு முழத் துண்டுதான் பாக்கி. இன்ஜின் அதிரும், அதனால் அந்த இடத்தில் இரும்பு ஆகாது, வளைந்துகொடுக்கிற குழாய் வேண்டும். அதற்கென்று பெட்ரோல் தாங்குகிற கறுப்பு ரப்பர் குழாய் வாங்கிக் கொடுத்திருந்தேன். தனபாலுக்கு அது பிடிக்கவில்லை. கரையில் உள்ளவர்களுக்குக் காரணம் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஃபைபர் படகுகளில் டீசல் போகிற குழாய் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் குழாய்தான். நடுக்கடலில் டீசலோடு காற்று புகுந்தால் இன்ஜின் நின்றுவிடும். குழாய்க்குள் குமிழி தெரிந்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். அதனால் பார்க்க முடியாத குழாயை நம்புவதில்லை என்பது இந்தக் கரையில் ஒரு சட்டம். "பாயறது கண்ணுக்குத் தெரியணும் வாத்தியாரே. கறுப்பா இருந்தா உள்ள என்ன நடக்குதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். டீசல் வேறு, பெட்ரோல் வேறு, படகில் காற்றாட இருக்கிற குழாய் வேறு, இன்ஜின் மூடிக்குள் சூட்டில் கிடக்கிற குழாய் வேறு என்று தொண்டை வறளச் சொன்னேன். தலையை ஆட்டினார். தனபால் தலையாட்டினால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

வைகாசி கடைசியில் பரீட்சை வேலையாக நான் நாலைந்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குள் அவர் படகுக் குழாயையே மாட்டிவிட்டார். இன்ஜின் ஓட ஆரம்பித்தது. மூடியைத் திறந்துவைத்து, குழாயில் பெட்ரோல் ஓடுவதை ஊரே பார்த்துக் கைதட்டியதாம். ஓட்டிப்போய் வாத்தியார் வீட்டு வாசலிலேயே நிறுத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். நான் வரிச்சிக்குடியில் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். சிவப்புக் கார் தூரத்தில் வருவது தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்களிடம், "பாருய்யா, தனபாலு ஓட்டிட்டு வர்றான்" என்று கத்தினேன். அடுத்த நிமிஷம் காரின் மூக்கிலிருந்து புகை வந்தது. சூட்டில் இளகிய குழாய் கிளிப்பிலிருந்து நழுவி, பம்ப் அடித்த பெட்ரோல் கொதிக்கிற சைலன்சர் குழாயின் மேல் பீய்ச்சியிருக்கிறது.

நான் போய்ச் சேர்வதற்குள் மூடிக்குள் தீ நன்றாகப் பிடித்துவிட்டது. சாவியை அணைத்துவிட்டு இறங்கி ஓடியிருக்கலாம். தனபால் ஓடவில்லை. தீ டேங்குக்குப் போய்விடக்கூடாது என்று வெறுங்கையால் மூடியைத் தூக்கினார். பக்கத்து வயலில் போர் தண்ணீர் விட்டு நாற்றங்காலுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்கள் கூடை கூடையாகச் சேற்றை அள்ளிவந்து இன்ஜின் மேல் வீசினார்கள். தீ அடங்கியது. கடல் மணலிலிருந்து எடுத்த கார் வயல் சேற்றில் மூழ்கி நின்றது. தனபாலின் வலதுகை முழங்கை வரை வெந்திருந்தது.

நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது, இங்கே பெண்கள் இருக்கிறார்கள். "இன்னைக்கு ஒங்க கஸ்தூரிக்கு நான் என்னய்யா பதில் சொல்லியிருப்பேன்?" என்று கடைசியில் கேட்டேன். அவர் மூடியில் கருகிய இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நீங்க சொன்னீங்க. நான் கேக்கல" என்றார். சாக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான், "ஆனிக்கு எத்தன நாளு இருக்கு வாத்தியாரே?" என்று கேட்டார்.

கையில் கட்டோடு நாலாம் நாள் காருக்கு அடியில் படுத்துவிட்டார். எரிந்துபோன வயரையும் அந்த ஒரு முழக் குழாயையும் மாற்றினால் போதும். ஆனால் தனபால், ஏற்கெனவே போட்டிருந்த பைப்பையெல்லாம் கழற்ற ஆரம்பித்தார். அது நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டேன். "நான் ஒரு எடத்துல ஒங்க பேச்சக் கேக்கல. மத்த எடத்துல கேட்டேனான்னு எனக்கே தெரியணும்ல" என்றார். ஒவ்வொரு கிளிப்பாக, ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து, துடைத்து, பார்த்து, மறுபடி மாட்டினோம். இடதுகையால் ஸ்பானரைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். வலி வந்தால் அந்தப் பெரிய குரலில் ஏதாவது மீன் பேரைச் சொல்லிக் கத்துவார். கஸ்தூரி எட்டிப் பார்த்து, "இது சங்கரா சார், கம்மியான வலிதான். வஞ்சிரம்னு கத்துனாத்தான் வரணும்" என்பார். கறுப்பு ரப்பர் குழாயை மாட்டியபோது அதை விரலால் நீவிக்கொண்டே, "சரி. ஒன்ன நம்புறேன்" என்று அதனிடம் சொன்னார். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மாங்கனி இறைக்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்பு மிசியே காரைக்காலில் வந்து இறங்கினார். மறுநாள் காலை நாங்கள் புறப்பட்டோம். தனபால் ஓட்டினார், நான் பக்கத்தில். வரிச்சிக்குடியில் அந்த நாற்றங்காலைத் தாண்டும்போது அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மிசியேயின் உறவினர் வீட்டு வாசலில் போய் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கினார். மிசியே ஊன்றுகோலோடு வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூடிப் பக்கம் வருவதற்குள் தனபால் முந்திக்கொண்டார். "இங்க எரிஞ்சுட்டு மிசியே. புதுசா பெயிண்ட் அடிச்சது. கடலால இல்ல, என்னால" என்றார். மிசியே அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இது?" என்றார். "அது என் கைதானே மிசியே. அதுக்கு நான் ஒங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்ல" என்றார் இவர்.

மிசியே காரில் ஏறி, ஆற்றங்கரை வழியாகக் கடற்கரை வரை ஒரு தடவை ஓட்டிப்போய் வந்தார். இறங்கியபோது கண் கலங்கியிருந்தது. பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு தமிழில், "தனபாலு, எனக்கு இனிமே எதுக்குடா இது? நீயே வச்சுக்க. மனசாரக் குடுக்குறேன்" என்றார். திண்ணையில் இருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷ உழைப்புக்கு இதைவிட நியாயமான முடிவு உண்டா?

தனபால், "வேணாங்க" என்றார்.

"ஏன்டா?"

"திருப்பிக் குடுப்பேன்னுதானே சொன்னேன். எங்கிட்டயே இருந்தா, குடுத்ததா ஆவுமா?" சொல்லிவிட்டு மிசியேயின் உள்ளங்கையை விரித்து, சாவியை வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டார். அந்தக் கார் பின்னால் பாண்டிச்சேரிப் பக்கம் யாருக்கோ போய்விட்டது என்று கேள்வி. தனபால் அதைப் பற்றி விசாரித்ததுகூட இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையில் வந்ததைத் தட்டிவிடுகிற முட்டாளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஆரம்பித்தேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால், அழுதுகொண்டிருந்தார். முதலில் சத்தமில்லாமல். பிறகு அந்தப் பெரிய குரல் வெடித்தது. "சேகரு... டேய் சேகரு..." என்று. பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பினார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்து, கேட்காமலே போனார். தம்பி போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும். வரிச்சிக்குடி வந்தது, நான் இறங்கவில்லை. மண்டபத்தூரில் இறங்கி, ரோட்டோரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அடுத்தவங்க பொருள் கையில இருக்குறப்ப அழ முடியாது வாத்தியாரே. கை நடுங்கும். இப்பத்தான் கை காலியாச்சு."

கல்லு மாதிரி நின்றார் என்று பேசியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அன்று ராத்திரி அவரைப் பற்றி எவராவது குறை சொல்லியிருந்தால் நான் சட்டையைப் பிடித்திருப்பேன். இப்போது பிடிக்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியாக, அவர் நினைவாக என்னிடம் இன்னது இருக்கிறது என்று சொல்லி முடிப்பார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அவர் பின்னால் வாங்கிய புதுப் படகின் இரண்டாவது இன்ஜின். புகை அதிகம் தள்ளுகிறது, பார்த்துத் தாருங்கள் என்று போன மாதம் என் வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினார். பிரித்துப் போட்டது போட்டபடி கிடக்கிறது. துக்கத்துக்குப் போயிருந்தபோது கஸ்தூரி, "அத எடுத்து ஓட்ட இனிமே யாரு சார் இருக்கா? அப்புடியே கெடக்கட்டும், விட்டுடுங்க" என்றார். மிசியே சொன்னது மாதிரியேதான், நல்ல மனசோடு சொன்னார்.

கஸ்தூரி அம்மா, அது கிடக்காது. பாதி வேலை முடித்துவிட்டேன். இந்த மாதத்துக்குள் மண்டபத்தூர்க் கரைக்குக் கொண்டுவந்து, உங்கள் முன்னால் ஓடவிட்டு, உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். ஓட்டுவதா, விற்பதா, துருப்பிடிக்க விடுவதா என்பது உங்கள் இஷ்டம். சாவுக்கு வந்த வாத்தியார் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று யாராவது உங்களிடம் கேட்டிருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள், எனக்குக் கையில் வேலை இருக்கிறது.